தைப்பூசத்துக்குள் ஒரு மிடி கீபோர்டைப் பழக்கிய கதை

பர்மாவில், ரங்கூனின் தாமுவேயில், எங்கள் தெரு முருகன் கோயிலில் தவில் வாசித்து வந்த பெரியவருக்குப் போன வருஷம் தோள்பட்டை இறங்கிவிட்டது. அவருடைய மகன் மலேசியாவில். நாதஸ்வரக்காரர் பெகுவிலிருந்து வருகிறவர். இப்போது இருக்கும் நிலைமையில் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மார்கழி பிறந்ததும் கோயில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல ஏதோ மியூசிக் பண்றியே, காவடிக்கு ஒரு வழி பண்ணு."

நான் பண்ணியதெல்லாம் மவுஸால் நோட் வரைந்ததுதான். ஆனால் காவடி நடக்கும்போது மவுஸ் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ரங்கூனில் காளி கோயிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் பழைய மிடி கன்ட்ரோலர் ஒன்று வாங்கினேன். 49 கட்டை, 8 பேட் (விரலால் தட்டும் ரப்பர் கட்டம்), 8 குமிழ், பக்கத்தில் இரண்டு சக்கரம். கடைக்காரர் போட்டுக் காட்டினார், விளக்கு எரிந்தது. சத்தம் வரவில்லையே என்று அம்மா கேட்டாள். மிடி கன்ட்ரோலருக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று 0 முதல் 127 வரை எண்களை அனுப்பும், அவ்வளவுதான். பாடுவது கணினி. மிடி என்று 1983-ல் வந்த இந்த ஏற்பாடு இன்றும் அப்படியே ஓடுகிறது.

வீட்டுக்கு வந்து செருகினால் கணினி பெயரைக் காட்டியது, ஆனால் ரீப்பரில் (நான் இசை பதியும் மென்பொருள்) ஒரு நோட்டும் ஏறவில்லை. கேபிள் மாற்றினேன், வேறு ஓட்டையில் செருகினேன், ட்ரைவரை அழித்துப் போட்டேன். இரண்டு சாயங்காலம் இதிலேயே போனது. காரணம் அற்பம். பேட்களை மாற்றி அமைக்க கீபோர்டோடு வந்த குட்டி மென்பொருளைத் திறந்து வைத்திருந்தேன். என் கணினியில் ஒரு மிடி வாசலை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். அதை மூடியதும் ரீப்பரில் பச்சைக் கோடு துள்ளியது. இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளும் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்திருப்பேன்.

அடுத்தது தாமதம். கட்டையை அமுக்கி ஒரு கணம் கழித்துச் சத்தம் வந்தது. பஃபர், அதாவது கணினி ஒலியைச் சேர்த்து வைத்து வெளியே விடும் தொட்டி, 1024 ஒலித்துண்டு என்று இருந்தது. நொடிக்கு 44,100 துண்டு வேகத்தில் அது மட்டுமே 23 மில்லிசெகண்டு. ஏசியோ என்ற, தாமதம் குறைக்கும் ஒலி ட்ரைவர் போட்டு 128-க்கு இறக்கினேன், 3 மில்லிசெகண்டுக்கு வந்துவிட்டது. விரலும் சத்தமும் ஒட்டிக்கொண்டன.

அப்படித்தான் நினைத்தேன். ராத்திரி கரண்ட் போனதும் அதே பாட்டு கறகற என்று உடைந்தது. எங்கள் தாமுவேயில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். வந்தால் சுத்தமாக ஓடும், போனால் கறகற. பஃபரை ஏற்றினேன், இறக்கினேன், ஒன்றும் புரியவில்லை. பேட்டரியில் ஓடும்போது மிச்சம் பிடிக்க வேண்டும் என்று லேப்டாப் தானாகவே ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடுகிறது; 128 பஃபரை அந்த வேகத்தால் நிரப்ப முடியவில்லை. பவர் அமைப்பில் பேட்டரிக்கும் முழு வேகம் என்று மாற்றினேன். அதே பக்கத்தில் யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் வசதி ஒன்று உண்டு, அதையும் அணைத்தேன். ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் கீபோர்டு காணாமல் போய்க்கொண்டிருந்ததற்கும் அதுதான் காரணமாம். இன்வர்ட்டரில் சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. வாசிக்கும்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன்.

சரி, இனி சங்கீதம். ஜெனரல் மிடி என்று 1991-ல் ஒரு பட்டியல் போட்டார்கள்: 128 வாத்தியங்கள், தனியாகத் தாள வாத்தியங்கள். அதில் 112-வது ஷெனாய். காங்கோ, போங்கோ எல்லாம் இருக்கிறது. நாதஸ்வரமும் இல்லை, தவிலும் இல்லை. ஷெனாய் ஒலியையே கொஞ்சம் கனமாக்கி, நாதஸ்வரம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சுருதி சுலபம். பாடுகிற அக்காவுக்கு நாலரைக் கட்டை, அதாவது ஒரு கட்டைக்கு ஆறு அரைச்சுரம் மேலே. ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஆறு தரம் தட்டினால் வெள்ளைக் கட்டையில் வாசித்துக்கொண்டு போகலாம்.

சுரத்தை வளைத்து அசைக்கிற கமகம்தான் பாடாய்ப் படுத்தியது. இடப்பக்கச் சக்கரத்தைத் தள்ளினால் சுரம் வளையும், ஆனால் பெட்டியிலிருந்து வரும்போது அது மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்றுதான் இருந்தது. ஸ-விலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இழுக்க நான்கு வேண்டும். பேராசையில் 12 என்று வைத்தேன். ஒரு நூல் அசைந்தாலும் சுரம் எங்கோ ஓடியது. அது போதாதென்று இழுப்பில் படிக்கட்டு கேட்டது. மிடியில் சக்கரத்துக்கு 16,384 நிலைகள் உண்டு, நடுவில் 8192. ஆனால் என்னுடையது மாதிரி மலிவு சக்கரம் மொத்தமே 128 படிதான் அனுப்புகிறது, பக்கத்துக்கு 64. ஒரு அரைச்சுரம் 100 செண்ட், 12 அரைச்சுரம் என்றால் 1200 செண்ட்; 64-ஆல் வகுத்தால் ஒரு படிக்குக் கிட்டத்தட்ட 19 செண்ட். காது பிடித்துவிடும். நான்கு என்று வைத்தால் படிக்கு 6 செண்டுதான், வழுக்கிக்கொண்டு போகிறது. ஒலி கொடுக்கும் மென்பொருளில்தான் இந்த எண்ணை மாற்ற வேண்டும். கீபோர்டில் தேடி ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

இரண்டாவது சக்கரம் நடுக்கம் கொடுப்பதற்கு. நாதஸ்வரத்துக்கு அந்த இயந்திர நடுக்கம் எதற்கு? மிடியில் அந்தச் சக்கரத்தின் எண் 1. அதை 11-ஆக மாற்றினேன். 11 என்பது ஒலியின் ஏற்ற இறக்கம், மூச்சு மாதிரி. மாற்றிவிட்டு வாசித்தால் ஒரே அமைதி. அரை மணி நேரம் கேபிள்களை ஆட்டினேன். சக்கரம் அடியில் கிடந்தது. ஊதாத நாதஸ்வரம் எப்படிப் பேசும்!

தவிலுக்குப் பெரியவர் வீட்டுக்கே போனேன். தோளைத் தூக்க முடியாமல், உட்கார்ந்தபடி, ஒவ்வொரு அடியாக அடித்துக் கொடுத்தார்: இடப்பக்கத் தொப்பியில் குச்சி, வலப்பக்க வலந்தலையில் கூடு மாட்டிய விரல். போனில் பதிந்து, ஆறு ஒலியாக வெட்டி ஆறு பேடில் வைத்தேன். மெல்லத் தட்டினால் பேட் கண்டுகொள்ளவில்லை, ஓங்கித் தட்டினால் பக்கத்துப் பேடும் சேர்ந்து ஒலித்தது. வேகக் கோட்டை (தட்டும் வேகம் எவ்வளவு சத்தமாகும் என்ற அமைப்பு) மென்மைக்கு மாற்றினேன்; அப்புறம் விழிப்பு அளவை (எவ்வளவு தட்டினால் பேட் விழிக்கும் என்ற எல்லை) பக்கத்துப் பேட் வாயை மூடும் வரைக்கும் ஏற்றினேன், அதற்கு மேல் ஏற்றவில்லை. ஏற்றினால் சின்ன அடிகள் செத்துப் போகும். இது எண்ணைப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை, தட்டித் தட்டித்தான்.

அப்படியும் மூன்று மூன்றாக விழும் திஸ்ர நடையில் வேகம் பிடித்ததும் விரல் தடுமாறியது. மாடியில் இருக்கும் பர்மியச் சயா (வாத்தியார்) ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். கோஷ்டியில் பட் வாய்ங் வாசித்தவர். வட்டமாக 21 மத்தளம், சோறும் சாம்பலும் பிசைந்து ஒட்டிச் சுருதி சேர்ப்பார்கள், நம் மிருதங்கத் தொப்பியில் ரவை ஒட்டுவது மாதிரி. பியானோ இந்த நாட்டுக்கு வந்தபோது பட்டலா (குச்சியால் தட்டும் மூங்கில் வாத்தியம்) வாசிப்பவர்கள் இரண்டு குச்சி பிடித்த பழக்கத்திலேயே, கைக்கு ஒரு விரலாக மாறி மாறி வாசித்தார்கள் என்றார். "ஒரே பேடை ஏன் ஒரே கையால் அடிக்கிறாய்?" மீதி இருந்த இரண்டு பேடிலும் வலந்தலை அடியையே வைத்தேன். இரண்டு கையும் மாறி மாறி விழுந்தது, தகிட தகிட என்று ஓடியது. ஒரு மாதமாக எனக்குத் தோன்றவில்லை.

பூசத்தன்று ஏழு மணிக்கு கரண்ட் போனது. கறகற வரவில்லை. சுரத்தை இழுத்துப் பிடிக்கும் பெடல்தான் காலை வாரியது. அதை மிதித்தபடியே கீபோர்டைச் செருகிவிட்டேன். ஆன் ஆகும்போது பெடல் இருக்கும் நிலையைத்தான் அது "விட்ட நிலை" என்று எடுத்துக்கொள்ளும். எல்லாம் தலைகீழ். காலை எடுத்தால் சுரம் நிற்காமல் இழுக்கிறது. காவடி வாசலில் நிற்க, பிடுங்கி மறுபடி செருகினேன்.

முடிந்ததும் பெரியவர் கூப்பிட்டார். பாராட்டு என்று நினைத்துப் போனேன். "வலந்தலை பின்னால வருது" என்றார். வீட்டில் வந்து பார்த்தால், அந்த ஒலியை வெட்டும்போது முன்னால் 15 மில்லிசெகண்டு வெறுமையை விட்டு வைத்திருக்கிறேன்! எனக்குக் கேட்கவே இல்லை. வெட்டிவிட்டு மறுநாள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். "இப்ப சரி" என்றவர், ஒரு விரலால் பேடைத் தட்டிப் பார்த்தார். இன்னொரு விரல். தோளைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் விரல் என்னுடையதை விடக் கனம், எல்லா அடியும் 127-லேயே போய் முட்டியது. அவருக்கென்று வேகக் கோட்டைத் திருப்பிப் போட்டு, இரண்டாவது ப்ரீசெட்டில் தனியாகச் சேவ் செய்து வைத்திருக்கிறேன்.