எல்லோருக்கும் பொதுவான மாறிகள்

கும்பகோணத்தில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் நான் பணியில் சேர்ந்தபோது, நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யும் இணையதளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அது இணையதளங்களை உருவாக்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதப்பட்ட தளம். தை மாதம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி எனப் பல ஊர்களிலிருந்தும் பெல்ட் வண்டிக்கும் டயர் வண்டிக்கும் ஒரே நேரத்தில் பதிவுகள் வந்து குவியும். இரவில் ஒருவரும் வரமாட்டார்கள். நிரலில் மதிப்புகளைச் சேமித்து வைக்கும் மாறிகளில் ஒரு வகையான அப்ளிகேஷன் மாறிகளின் குணம் இந்த இரண்டு வேளைகளிலும்தான் தெளிவாகத் தெரிந்தது.

செஷன் மாறி ஒரு பார்வையாளருக்கு மட்டும் உரியது. அப்ளிகேஷன் மாறியோ சர்வரின் நினைவகத்தில் இருந்துகொண்டு, தளத்துக்கு வரும் அத்தனை பேருக்கும் பொதுவாகிறது. மணிக்கணக்கு வாடகை போன்ற விவரத்துக்கு இது மிகப் பொருத்தம். தளம் இயங்கத் தொடங்கும்போது நடக்கும் அப்ளிகேஷன்_ஸ்டார்ட் நிகழ்வில் ஒருமுறை படித்து வைத்துவிட்டால், ஒவ்வொருவருக்காகவும் தரவுத்தளத்தை நாட வேண்டியதில்லை.

பதிவு எண்ணையும் அதே இடத்தில் வைத்திருந்ததுதான் சிக்கல். மாறியைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவதற்குள் இன்னொருவரின் கோரிக்கை நுழைந்தால், இருவருமே 240ஐப் படித்து இருவருமே 241ஐப் பெறுவார்கள். இதைத் தடுக்கத்தான் மாறிகளைப் பூட்டும் அப்ளிகேஷன்.லாக், திறக்கும் அன்லாக் என்ற இரண்டு கட்டளைகளும் இருக்கின்றன. முறைப்பாசனத்தில் ஒருவர் பாய்ச்சி முடித்த பிறகே அடுத்தவர் மடை திறப்பதைப் போன்ற ஏற்பாடு அது. ஆனால் பழைய நிரலில் பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவே குறுஞ்செய்தி அனுப்பும் வரியும் இருந்தது. அந்தச் சேவை தாமதித்தால் மாறியைத் தொட வந்த அனைவரும் காத்திருந்தனர். அந்த வரியை வெளியே எடுத்த பின்பே காலை நெரிசல் தணிந்தது.

பூட்டினால் தீராத குறை வேறொன்று. தளத்தை இயக்கும் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ், வழக்கமான அமைப்பில், 20 நிமிடம் எவரும் வராவிட்டால் தளம் ஓடும் செயல்முறையை நிறுத்திவிடும். இடைவிடாமல் ஓடினாலும் 1740 நிமிடங்களுக்கு ஒருமுறை அதை நிறுத்திப் புதிதாகத் தொடங்கும். அப்போது நினைவகத்தில் இருந்தவை அழிந்து, பதிவு எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கியது. நேற்றைய 1ஆம் எண்ணும் இன்றைய 1ஆம் எண்ணும் ஒரே வண்டிக்கு உரிமை கோரின. மழை மிரட்டும் நாளில் வயலில் சாய்ந்து கிடக்கும் கதிரை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இது சாதாரண விஷயமல்ல. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் அவர்தான் அல்லாட வேண்டும். ஆகவே எண் வழங்கும் வேலையைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்தோம்.

எல்லாவற்றிலும் மோசமானது, படிவத்தில் எழுதிய கைபேசி எண்ணை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக அப்ளிகேஷன் மாறியைப் பயன்படுத்தியிருந்தது. ஒரே ஆள் சோதித்துப் பார்க்கும்வரை அது சரியாகவே தெரியும். இருவர் வந்தால் ஒருவரின் எண் மற்றவரின் திரையில் தோன்றும். தனி மனிதரின் விவரம் எதுவும் பொது மாறிக்குள் போகவே கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பின்னர் இரண்டாவது சர்வர் சேர்ந்தபோது, ஒவ்வொன்றும் தனித்தனி அப்ளிகேஷன் மாறிகளை வைத்துக்கொள்வதால், திருத்திய வாடகை ஒரு சர்வரிலும் பழைய வாடகை மற்றதிலும் தெரியத் தொடங்கியது. இப்போது வாடகை விவரம் இரண்டுக்கும் பொதுவான ரெடிஸ் என்ற நினைவகத் தரவுச் சேமிப்பில் இருக்கிறது. தொகையை மாற்றியவுடன் பழைய மதிப்பை அங்கிருந்து நீக்கிவிடுகிறோம்.