கனடாவின் ஸ்காபரோவில் ஒரு கறிவேப்பிலையும் அதன் குளிர்காலமும்

ஒக்டோபர் 12, 2024, சனி

பூச்சட்டிகளை இன்று உள்ளே எடுத்தாயிற்று. இரவில் 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கறிவேப்பிலைக்குப் பல்கனி சரிவராது. உறைபனி கொட்டட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்களுக்கு மிஞ்சுவது தடிதான்.

உள்ளே வைக்குமுன் எல்லாவற்றுக்கும் ஷவரில் குளிப்பு. இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு இடுக்குகளையும் விரலால் தேய்த்துக் கழுவினேன். வெளியே இருக்கும்போது மழை பூச்சிகளைக் கழுவிவிடும், லேடி பக் வந்து தின்னும். வீட்டுக்குள் இரண்டும் இல்லை. ஒரு பூச்சி உள்ளே வந்தால் தை மாதத்துக்குள் குடும்பமே பெருத்துவிடும்.

துளசியை உள்ளே எடுக்கவில்லை. முற்றிய கதிர்களை உருவிக் கடதாசி உறைக்குள் போட்டு வைத்தேன். அதை மாசி வரை இழுத்துக்கொண்டு போவது வீண் பாடு, வித்திருந்தால் போதும்.

நவம்பர் 3, ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். இனி ஐந்து மணிக்கே இருட்டு.

தெற்குப் பார்த்த யன்னல் முழுவதும் கறிவேப்பிலைக்கு. மணி பிளாண்டும் ஸ்நேக் பிளாண்டும் எந்த மூலையிலும் கிடக்கும், அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கறிவேப்பிலைச் சட்டிக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வைத்தேன். யன்னலோரத் தரை ஐஸ் மாதிரி. வேர் குளிர்ந்தால் தண்ணீரை உறிஞ்சாது. இலை கண்ணாடியில் முட்டாமல் நாலு விரல் இடைவெளியும் விட்டிருக்கிறேன். முட்டுகிற இலை கருகிப் போகும்.

நவம்பர் 24, ஞாயிறு

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கிவிட்டன. மாமிக்கு நித்திரை இல்லை.

"பிள்ளை, இதுக்குத் தண்ணி விடேல்லையோ? பார், காய்ஞ்சு போகுது."

காயவில்லை, மாமி. வெளிச்சம் குறைந்ததால் மரம் தானே இலையைக் கழிக்கிறது. வெளிச்சம் குறைந்த செடிக்குத் தண்ணீரும் குறையத்தான் வேண்டும். அது குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே நின்று வேரின் மூச்சை அடைத்துவிடும். வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகித்தான் உதிரும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஊற்றுவார்கள். இந்த ஊரில் பனியில் செத்த கறிவேப்பிலையை விடத் தண்ணீரில் செத்தவைதான் கூட என்று நான் நினைக்கிறேன்.

நாள் கணக்கு வைத்து ஊற்றுவதில்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பேன், அப்புறம் சட்டியைத் தூக்கிப் பார்ப்பேன். பாரமாக இருந்தால் திரும்ப வைத்துவிட்டுப் போய்விடுவேன். ஊற்றும் நாளில் அடியால் வடியும்வரை ஊற்றித் தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் இப்போது ஏரிக் குளிரோடு வருகிறது. முதல்நாள் இரவே வாளியில் பிடித்து வைத்துவிடுவேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

சின்னக் கறுப்பு ஈக்கள். தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளும் விழுகின்றன.

யாருடைய வேலை என்று மோந்தாலே தெரிந்தது: புளித்த மோர். ஊரில் முற்றத்து மரத்துக்கு ஊற்றினால் மண்ணும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். மூடிய வீட்டுக்குள், நித்திரை கொள்கிற செடிக்கு மோரும் வேண்டாம், உரமும் வேண்டாம். ஈரமான மேல்மண்ணில்தான் இந்த ஈ முட்டையிடுகிறது. மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறேன். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. மோர்ப் போத்தலை மட்டும் உள்தட்டுக்கு மாற்றினேன்.

டிசம்பர் 21, சனி

ஆண்டின் மிகக் குறுகிய பகல். ஒன்பது மணி நேரம்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரப் பகல் உண்டு. அந்த வெளிச்சத்துக்குப் பழகிய மரத்தை 43ஆம் பாகை வட அகலக்கோட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏன் தளிர்க்கவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

எல்ஈடி விளக்கு நுனியிலிருந்து ஓரடி உயரத்தில் தொங்குகிறது. டைமரில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. இன்னும் உயர்த்தினால் அறைக்கு வடிவு, செடிக்கு ஒன்றுமில்லை.

ஜனவரி 14, 2025, செவ்வாய்

பொங்கல். வடைக்குக் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினோம். வீட்டு மரத்தில் கை வைக்க விடவில்லை. இருக்கிற இலைதான் இப்போது அதற்குச் சமையலறை.

ஜனவரி 22, புதன்

கடும் குளிர். உறைந்த காற்றில் ஈரம் ஏற்கெனவே குறைவு. அதையே ஹீட்டர் 21 பாகைக்குச் சூடாக்கும்போது வீடு பாலைவனம்தான். என் உதடு வெடிக்கிறது, சிலந்திப் பேனுக்குக் கொண்டாட்டம்.

இலையில் ஊசி குத்தினாற்போல வெளிறிய புள்ளிகள். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினேன். மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் தூள் நடக்கிறது. உடனே ஷவருக்குத் தூக்கிப் போனேன். வாரம் ஒரு கழுவல், இடையில் சோப்புத் தெளிப்பு, இலையின் அடிப்பக்கத்துக்கு. செடிக்குள் உறிஞ்சப்பட்டு இலை வரை பரவுகிற மருந்து வகையை இந்த மரத்தில் தொடவே மாட்டேன். சாம்பாரில் போடுகிற இலை இது.

ஸ்பிரே போத்தலால் அடிக்கடி தண்ணீர் விசிறுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். ஈரப்பதமூட்டி ஒன்று பக்கத்தில் ஓடினால்தான் பலன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அடுத்தடுத்துப் பனிப்புயல். கார் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் போயிற்று.

மரத்தில் உச்சியில் மட்டும் சில இலை. மாமி "முடிஞ்சுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரைக் கூப்பிட்டு அடித்தண்டில் நகத்தால் சிறிதாகச் சுரண்டிக் காட்டினேன். மண்ணிறத் தோலுக்குக் கீழே பச்சை, ஈரமான பச்சை. நகத்தை மோந்து பார்த்தார். தாளித்த வாசம் இல்லை, ஆனாலும் கறிவேப்பிலைதான். நுனிக்கிளை ஒன்று சுரண்டியபோது கபிலமாக, உலர்ந்து கிடந்தது. அதை மட்டும் வெட்டினேன்.

மார்ச் 9, ஞாயிறு

மணிக்கூடு முன்னுக்குப் போயிற்று. கணுக்களில் முளை. சட்டி சீக்கிரம் காய்கிறது, அதாவது வேர் குடிக்கத் தொடங்கிவிட்டது. பாதி அளவு கரைத்த உரம், இந்தக் குளிர்காலத்தின் முதல் சாப்பாடு. நுனிகளைக் கிள்ளிவிட்டேன், இரண்டாகப் பிரியட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புதுத் தளிரில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். இரும்புச் சத்துக் குறைவு. இங்கத்தைக் குழாய்த் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, கறிவேப்பிலைக்குச் சற்று அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். செலேற் செய்த இரும்பு, அதாவது வேர் இலகுவாக உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள இரும்பு, வாங்கிக் கரைத்து ஊற்றினேன்.

மே 19, திங்கள்

விக்டோரியா தின விடுமுறை. ஊரே தோட்டக்கடையில் நிற்கிறது. பகலில் சில மணி நேரம் பல்கனி நிழலில் சட்டியை வைத்துவிட்டு, இருட்டுமுன் உள்ளே எடுக்கிறேன். நேராக வெயிலில் வைத்தால் வீட்டுக்குள் வந்த மெல்லிய தளிர் வெளுத்துக் கருகும்.

அடியில் இரண்டு பக்கக் கன்று வந்திருக்கிறது. ஒன்றை வேரோடு பிரித்துக் கீழ்வீட்டு அக்காவுக்குக் கொடுக்கப் போகிறேன். மற்றதை மாமி தன்னுடையது என்கிறார். மோர் ஊற்றுவதில்லை என்றால் தரலாம் என்று சொல்லியிருக்கிறேன், பேச்சுவார்த்தை நடக்கிறது.