கண்ணைத் திறந்துகொண்டும் படுக்கலாம்

உளவளத்துணை வேலையில் நான் அதிகம் நம்புவது படுத்திருந்து செய்யும் தளர்வுப் பயிற்சியைத்தான். சுவாமி சத்யானந்த சரஸ்வதி ஒழுங்குபடுத்தித் தந்த யோக நித்திரை. மல்லாந்து படுத்து, குரல் சொல்லச் சொல்ல வலது கைப் பெருவிரலில் தொடங்கி உடம்பு முழுவதும் கவனத்தைக் கொண்டுபோவார்கள். அசையத் தேவையில்லை, எதையும் சாதிக்கத் தேவையில்லை. இலங்கையின் வடக்கில் இது புதிதும் இல்லை. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் சாந்தி ஆசனம், மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை என்று அவரவர் மரபில் உள்ளதையே சிகிச்சையில் சேர்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் பாயை விரித்து, "கண்ணை மூடிப் படுங்கோ" என்று எடுத்தவுடன் சொல்லிவிட முடியாது. 2009 இறுதிப் போரில் செல் (எறிகணை) வரும்போது பங்கருக்குள் குப்புறப் படுத்துக் கிடந்த சனம் இது. அதனால் எங்கே படுக்க விருப்பம் என்று முதலில் கேட்பேன். சிலர் சுவரோரம் போவார்கள், சிலர் கதவு தெரிகிற பக்கம். ஒருக்களித்துப் படுக்கலாம், கதிரையில் இருக்கலாம், கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். நீண்ட நேரம் பேசாமலும் விடமாட்டேன். அமைதி நீண்டால் காது வெளியே போய்விடும். றோட்டில் போகிற டிப்பர் சத்தமும் வேறு ஏதோவாகக் கேட்கும்.

தோளில் செல் துண்டோடு வாழும் ஒரு அக்கா, "அதிலை வரேக்க கொஞ்சம் கெதியாப் போங்கோ தங்கச்சி" என்றார். அவர் வருகிற நாட்களில் தோளைச் சொல்லிவிட்டு உடனே முழங்கைக்குப் போய்விடுவேன். கால் இழந்தவர்களிடம் முன்பே தனியாகக் கேட்டுவிடுவேன், அந்தக் காலின் பெயரைச் சொல்லவா, விடவா என்று. பொய்க்காலைக் கழற்றிப் பாயருகில் வைத்தபடி ஒரு ஐயா சொன்னார்: "சொல்லுங்கோ பிள்ளை, அது எனக்கு இருக்கு." கால் போனாலும் அதற்கான இடம் மூளையில் இருக்கிறது, விரல் அசைவதுகூடத் தெரியும். சிலருக்கு அங்கேதான் வலி. அவர்களுக்கு அந்தப் பக்கம் போகவே மாட்டேன்.

காட்சிகளை மனதில் ஓடவிடும் பகுதியை முழுதாக விட்டுவிட்டேன். ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் வருவது என்ன? அமைதியான கடற்கரை, அலைச் சத்தம், வெண்மணல். முள்ளிவாய்க்கால் மணலால் நடந்து வந்த ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அதற்கு முன் 2004 சுனாமியும் இந்தக் கரையில்தான் ஏறியது. போனில் ஒரு பதிவைப் போட்டுவிட்டுப் போகும் சக பணியாளர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதைத்தான்: முதலில் நீங்கள் முழுதாகக் கேளுங்கள். யாராவது நடுங்கினால், மூச்சு ஏறினால் பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்தி, எழுப்பி இருத்தி, காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப அப்படி வந்தால் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

யோக நித்திரையில் நித்திரை கொள்ளக்கூடாது என்பது முறை. விழிப்போடு கிடந்தால்தான், தோள் இவ்வளவு இறுகிக் கிடந்ததா, பல்லை இப்படிக் கடித்துக்கொண்டா இருந்தேன் என்று தெரியவரும். அது சரிதான். இருந்தாலும் இரவில் கண் மூடாத ஒருவர் என் குரலில் குறட்டை விட்டால் நான் எழுப்புவதில்லை. மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை படுக்கட்டும்.