எல் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும்?

"முதல் ஆட்டத்தில் எல் பட்டனை அழுத்தினால் என்ன ஆகும், தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் கேட்டிருந்தார். ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை வீடியோ கேமின் முதல் ஆட்டத்தில் இசட்-கேன்சல் எனப்படும் உத்தி பற்றி அவர் விக்கியில் எழுதிய பக்கத்தை, எல்-கேன்சல் என்ற பக்கத்தோடு நான் இணைத்ததற்கு வந்த கேள்வி அது. எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதாமல், "இசட்-கேன்சல் என்று தேடினாலும் வழிமாற்று இதே பக்கத்துக்குத்தான் கொண்டுவரும்" என்று பதில் போட்டேன். மூன்று வருஷமாகிறது. விக்கி வேலையில் எத்தனையோ வாக்குவாதங்கள் வந்து போயின. இது மட்டும் போகவில்லை.

ஸ்மாஷ் பிரதர்ஸில் அந்தரத்தில் அடித்தபடியே தரையில் இறங்கினால் பாத்திரம் சற்று நேரம் அசையாமல் நிற்கும். தரை தொடுமுன் கேடய பட்டனைத் தட்டினால் அந்தத் தேக்கம் குறையும். 2001இல் வந்த இரண்டாம் ஆட்டமான மெலீயில் அது பாதியாகிவிடும். தட்டுவதற்குக் கிடைப்பது 7 ஃபிரேம், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில். அதில் எல் பட்டன் கேடயத்துக்கானது என்பதால் மெலீக்காரர்கள் வாயில் இது எல்-கேன்சல். 1999இல் நிண்டெண்டோ 64 கேம் கருவியில் வந்த முதல் ஆட்டத்தில் கேடயம் இசட் பட்டனில் இருந்தது. அதனால் அங்கே இசட்-கேன்சல். நிண்டெண்டோ ஜப்பானிய மொழியில் வைத்த பெயரோ மென்மையான தரையிறக்கம் என்ற பொருளில் வரும். அந்தப் பெயரைச் சொல்லி ஆடியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அவர் முதல் ஆட்டத்துக்குத் தனிப் பக்கம் எழுதியிருந்தார். நல்ல பக்கம். நான் அதை எல்-கேன்சலோடு இணைத்தேன். ஒரு உத்திக்கு ஒரு பக்கம், அதிகம் பேர் சொல்லும் பெயரே தலைப்பு என்பது விதி. விதி சரியானதுதான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். பட்டனை வைத்தே பெயர் என்றால் மெலீயில் ஆர் அழுத்தினாலும் இது நடக்கும், அந்தக் கணக்கில் எல்-கேன்சலே தப்பு. ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கம் இருந்தால் ஒன்றைத் திருத்துவார்கள், மற்றது பழசாகவே கிடக்கும். இதையெல்லாம் அவருக்கு விரிவாக எழுதினேன். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவில்லை.

அவரே சொன்னார்: "அதில் எல் என்பது எதிராளியைச் சீண்டும் பட்டன். புதுசாக வருகிறவர் தலைப்பைப் பார்த்து அதைத்தான் அழுத்துவார். ஒன்றும் நடக்காது. தனக்கு வரவில்லை என்று விட்டுவிடுவார்."

அதற்குப் பிறகு அவர் ஒரு திருத்தமும் செய்யவில்லை. அதனால்தான் போனார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வேலை, படிப்பு என்று எத்தனையோ இருக்கலாம். ஆனால் நான் மெலீயில் வளர்ந்தவன். 'அதிகம் பேர்' என்று எழுதியபோது என் கண்முன் நின்றவர்கள் என்னோடு மெலீ ஆடியவர்கள்தான். அது விதியா, என் பழக்கமா?

போன மாதம் நண்பன் வீட்டில் பழைய 64 கன்ட்ரோலர் கையில் கிடைத்தது. மூன்று கிளை உள்ளது. நடுக்கிளையைப் பிடித்தால் ஆள்காட்டி விரல் தானாக இசட்டில் போய் உட்காருகிறது. எல் எங்கோ இடது மூலையில். அதைத் தொடவேண்டுமென்றால் பிடியையே விட்டாக வேண்டும்.

வீடு வந்ததும் பக்கத்தின் முதல் வரியில் இரண்டு ஆட்டங்களின் பட்டன்களையும் சேர்த்தேன். தலைப்பை மாற்றவில்லை. மாற்றக் கூடாது என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. விக்கியில் அவருக்குச் செய்தி எழுதும் பேச்சுப் பக்கத்தைத் திறந்து, "அன்றைக்கு எனக்குத் தெரியாது" என்று தொடங்கி எழுதினேன். இன்னும் சேமிக்கவில்லை.