மூன்றரை டிகிரி

ஆறுமுகநேரியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு, "அஞ்சு கிலோ கல்லுப்பு வேணும் மாமா. திருநெல்வேலிக்கு யாராவது வந்தா கொடுத்து விடுதியளா?" என்று கேட்டேன்.

"அஞ்சு கிலோவா? நாரத்தங்கா ஊறுகா போடுதியாட்டி?"

"இல்ல மாமா. வீட்ல கடல் மீன் வளக்கப் போறேன். தண்ணிக்கு உப்புப் போடணும்லா."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. நாற்பது வருஷம் உப்பளத்தில் நின்றவர். அப்புறம் சொன்னார்: "ஏட்டி, இதைக் கரைச்சா உப்புத் தண்ணிதான் வரும், கடல் தண்ணி வராது. கடல்ல உள்ள கசப்பைத் தள்ளிட்டுத்தானே நாங்க உப்பு வாருதோம்."

கடல் மீன் வளர்ப்பில் நான் கற்ற முதல் பாடம் இது. பாத்தியில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கெட்டிப்படும். உப்புக்கு முன்னால் படிவது ஜிப்சம். கால்சியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கும். இது சூட்டின் டிகிரி அல்ல, தண்ணீர் எவ்வளவு கெட்டி என்று பார்க்கிற உப்பளக் கணக்கு. 29, 30 டிகிரி வந்ததும் மிச்சத் தண்ணீரை வடித்துவிடுவார்கள், இல்லையென்றால் உப்பு கசக்கும். மெக்னீசியமும் பொட்டாசியமும் அந்த வடிநீரோடு வெளியேறிவிடும். கடல் நீரில் கரைந்திருப்பதில் சுமார் 85 சதவீதம் சோடியமும் குளோரைடும்தான். ஆனால் மீதி 15 சதவீதம் இல்லாமல் கடல் உயிர்கள் பிழைக்காது. நம் சமையலுக்கு ஆகாது என்று மாமா நாற்பது வருஷமாக வடித்துவிட்டது மீனுக்கு வேண்டியதாக இருக்கிறது.

சரி, உப்பு வேண்டாம், கடலையே கொண்டுவந்துவிடலாம் என்று திருச்செந்தூர் போனபோது இரண்டு கேன் நிறையத் தண்ணீர் பிடித்து வந்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. கரையோரத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நிறைய உண்டு. காற்றோட்டம் இல்லாத கேனுக்குள் அவை செத்து அழுகிவிட்டன. படகில் போய்த் தெளிந்த தண்ணீர் எடுத்து, இருட்டில் வைத்து, காற்று விட்டுப் பக்குவப்படுத்த முடிந்தவர்கள் செய்யலாம். தபால் ஆபீஸ் வேலைக்குப் போய்வரும் எனக்கு அது கட்டுப்படி ஆகாது. கடைசியில் மீன்தொட்டிக்கென்றே தயாரிக்கிற கடல் உப்பைத்தான் வாங்கினேன். அதில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் அளவோடு கலந்திருக்கும்.

என் தொட்டி இரண்டரை அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கல்லும் மணலும் போக 110 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. ஒரு லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் நாலு கிலோ உப்புக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. பாளையங்கோட்டையில் எங்கள் போர்த் தண்ணீர் சரியான சவர். அதனால் ஆர்.ஓ. தண்ணீரைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்ன மோட்டாரை ஒரு நாள் ஓட விட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் செம்புக் குடம் இல்லாமல் இருக்காது. அதில் மட்டும் இந்தத் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். குடிக்கிற நமக்குச் செம்பு நல்லதாக இருக்கலாம், நத்தைக்கும் இறாலுக்கும் துளி செம்பும் விஷம். சோப்புப் பட்ட வாளியும் ஆகாது.

தைப் பொங்கலுக்கு மாமா பொங்கல்படி கொண்டு வந்தார். மஞ்சள் குலையும் கரும்பும் இறக்கி வைத்துவிட்டு, துண்டில் சுற்றியிருந்த கண்ணாடிக் குழாயை எடுத்தார். உப்பளத்தில் டிகிரி பார்க்கிற குழாய். டிரம் தண்ணீரைச் செம்பில் கோருவதற்குப் போனவரைத் தடுத்து, பிளாஸ்டிக் ஜாடியைக் கொடுத்தேன். குழாய் மிதந்து நின்ற இடம் மூன்றரை. நல்ல தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கில் உப்பைக் காட்டும் என் ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். 1.025. இரண்டும் ஒரே அளவுதான், எழுதுகிற கணக்கு மட்டும் வேறு. மாமா விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"கசக்கு. சரியாத்தான் இருக்கு."

அன்றைக்கே தொட்டியை நிரப்பினேன். அதற்குப் பிறகு 38 நாள் அதில் ஒரு மீனும் இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் விலாவாரியாகச் சொல்கிறேன். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சின தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் மீனுக்கு ஆகாது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு கூட்டமும் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். நன்னீர்த் தொட்டியில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மீன் சில நேரம் தப்பிவிடும். கடல் நீரின் காரத்தன்மை, அதாவது பி.எச்., 8.1 முதல் 8.3 வரை இருப்பதால் அம்மோனியாவில் கூடுதல் பங்கு விஷமான வடிவத்திலேயே நிற்கும். இங்கே அவசரம் கூடாது.

நான் செய்தது இவ்வளவுதான். அழுகி அம்மோனியா தரட்டும் என்று, சந்தையில் வாங்கின பச்சை இறால் ஒன்றைத் துணியில் முடிந்து உள்ளே போட்டேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விடுவேன். நாலாம் நாள் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. அம்மோனியா ஏறிவிட்டது. பன்னிரண்டாம் நாள் நைட்ரைட் குழாய் கத்தரிக்காய் நிறத்தில் நின்றது. நடுவில் கல்லெல்லாம் பழுப்புப் பாசி படிந்தது, சில வாரத்தில் தானாகவே போயிற்று. எதிர்வீட்டு ஆச்சி தினமும் வாசலில் நின்று பார்ப்பாள்.

"ஏளா, வெறும் தண்ணிக்கு என்னத்துக்கு வெளக்குப் போட்டு வச்சிருக்க? மீனு எங்க?"

"தண்ணி இன்னும் பழகல ஆச்சி."

"தோசை மாவு மாதிரியா?"

ஆச்சி சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கேயும் படிக்கவில்லை. புளிக்கிற மாவிலும் இதே கதைதான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கூட்டம் வேலை செய்கிறது, அது முடிகிற வரைக்கும் அடுப்பில் கல் போட முடியாது. 38ஆம் நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை, நைட்ரேட் மட்டும் சிவப்பாகக் காட்டியது. முப்பது லிட்டரை மாற்றினேன்.

கல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையைப் போடச் சொல்வார்கள். இங்கே அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. பாறை கட்டும் பவளங்களையும் கடல் குதிரைகளையும் 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஒரு கடையில் எனக்குப் பவளக்கல் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றிக் கிடக்கும் பவளப்பாறைதான் மன்னார் வளைகுடாவில் மீன் குஞ்சு பொரித்து வளர்கிற இடம். 1986இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்கு முன்னும் பின்னும் தூத்துக்குடிப் பக்கம் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்ததை மாமா கண்ணால் பார்த்திருக்கிறார். நான் ஒரு கல் எடுத்தாலும் அந்தக் கணக்கில்தான் சேரும். என் தொட்டியில் இருப்பது செயற்கையாகச் செய்த, துளைகள் உள்ள கல். பாக்டீரியாவுக்குக் குடியிருக்கத் துளை போதும்.

மீனும் அப்படியே. கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன நிலையங்கள் செய்து காட்டிவிட்டன. அப்படிப் பண்ணையில் பிறந்த சோடிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். கடையின் தண்ணீர் 1.020தான் இருந்தது. மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்று வாங்கி, என் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அவை இருந்த வாளிக்குள் விட்டேன். ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

குளிர்நாட்டுக்காரர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள். திருநெல்வேலியில் நம் கவலை சூடு. பங்குனியிலேயே தொட்டி 30 டிகிரியைத் தாண்டியது. குளிரூட்டும் கருவி விலைக்கு நான் போகவில்லை. தண்ணீருக்கு மேல் சின்ன ஃபேன் இரண்டு மாட்டினேன். தண்ணீர் ஆவியாகிப் போகிறபோது சூட்டையும் கொண்டுபோகும், இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். வீட்டுக்குள் ஒரு உப்பளப் பாத்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அக்கா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தேன். பதினைந்து லிட்டர் குறைந்து, அளவு 1.029 காட்டியது. மீன்கள் இரண்டும் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின. இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் விட்டு இறக்கினேன். ஒரே அடியாக ஊற்றியிருந்தால் அதுவே கொன்றிருக்கும். குறைந்த தண்ணீருக்குக் கடல் தண்ணீர் ஊற்றக் கூடாது, உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான். இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கண்ணாடியில் ஒரு டேப்பும் ஒட்டி மட்டம் குறித்திருக்கிறேன். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று பக்கத்திலேயே தொங்குகிறது.

இப்போது ஆடிக் காற்று, வீடு குளிர்ந்திருக்கிறது. இரண்டில் பெரியது பெண்ணாகிவிட்டது என்று நினைக்கிறேன். கோமாளி மீன்கள் எல்லாம் முதலில் ஆணாகத்தான் இருக்கும், சோடியில் பெரியது பெண்ணாக மாறும். ராத்திரி விளக்கை அணைத்ததும் இரண்டும் ஃபில்டர் குழாய் ஓரத்தில் சாய்ந்தபடி தூங்குகின்றன. ஆச்சி இப்போது கேள்வி கேட்பதில்லை. சாயங்காலம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் வர நேரமானால், டேப்புக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, மூலையில் வைத்திருக்கும் ஆர்.ஓ. கேனிலிருந்து ஒன்றரைச் சொம்பு, பிளாஸ்டிக் சொம்புதான், அவளே ஊற்றி வைக்கிறாள்.