பனிக்கு ஒரு ஊசி

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் விளவங்கோடு பக்கம் காய்ச்சலைப் பனி என்றுதான் சொல்வோம். கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்த முதல் டிசம்பரில், "பனி பிடித்திருக்கிறது" என்று நான் சொன்னதும் அறையில் உடனிருந்த யாழ்ப்பாணத்து அக்கா சன்னலைத்தான் பார்த்தார். வெளியே வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்தது இன்ஃபுளுயன்சா. அடித்துப் போட்டதுபோல் 5 நாள் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா போனில் சொன்னபடி சுக்கும் மிளகும் தட்டி, கருப்பட்டி போட்டுக் குடித்தேன், வேது பிடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது. காய்ச்சல் தன் நாள் கணக்கு முடிந்துதான் விட்டது. அக்டோபரிலேயே இதற்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார் அக்கா. ஒன்டாரியோவில் 6 மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் அது இலவசம். தெருமுனை மருந்துக்கடையிலேயே போடுகிறார்கள். சளிக்குப் போய் ஊசியா என்று விட்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். அந்தக் குளிர்காலம் எங்கள் மாடியில் அடுத்தடுத்துக் காய்ச்சல் கண்டது. சாப்பாட்டுக் கூடத்தைப் பூட்டினார்கள். பார்க்க வருபவர்களை நிறுத்தினார்கள். ஒரு மகள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தாய்க்குக் கையசைத்துவிட்டுப் போனார். மருத்துவமனைக்குப் போன இரண்டு பேர் திரும்பவில்லை. நோயை உள்ளே கொண்டுவந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தொற்றும் என்று பின்னால் படித்தேன். அன்று இரவு உறக்கம் வரவில்லை. படுக்கையில் விழுவதற்கு முந்தின நாள் நான் வேலையில்தான் இருந்தேன்.

அதன்பிறகு எந்த அக்டோபரையும் தவறவிட்டதில்லை. கோட்டைக் கழற்றி, கம்பளிச்சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டத்தான் நேரமாகும். ஊசி ஒரு நொடி. பிறகு 15 நிமிடம் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். கை ஒருநாள் கனக்கும், அவ்வளவுதான். ஊசியாலேயே காய்ச்சல் வரும் என்று ஊரில் சொல்வார்கள். அதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், நோயைத் தராது. உடம்பு எதிர்ப்பைத் திரட்ட 2 வாரம் பிடிக்கும். அதற்குள் தொற்றிவிட்டால் பழி ஊசிமேல் விழுகிறது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போடவேண்டியிருக்கிறது. போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். ஆனால் மருத்துவமனைவரை போகும் ஆபத்து குறைகிறது. எனக்கு அது போதும்.

சென்ற மே மாதம் மார்த்தாண்டம் போயிருந்தேன். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரையும் உண்டு. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழை பிடித்தால் வீட்டுக்கு வீடு இருமல் கேட்கும். ஜூன் மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று நினைத்துத்தான் லீவே எடுத்தேன்.

"பனியே வரவில்லை, அதற்குள் பனிக்கு ஊசியா மக்களே?" என்றார் அம்மா.

இல்லத்தில் நடந்ததை அதுவரை அவரிடம் சொன்னதில்லை. அந்தக் கண்ணாடிக் கதவையும், நான் வேலைக்குப் போன அந்த நாளையும் அன்றைக்குத்தான் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்ப் பெட்டியில் கை தளர்வான ரவிக்கையாகத் தேட ஆரம்பித்தார்.

முதல் கிளினிக்கில் மருந்து இல்லை. இரண்டாவதில் மறுநாள் வரவழைத்துப் போட்டார்கள். அந்தச் சீட்டு இப்போது ரேஷன் கார்டு இருக்கும் தகர டப்பாவில் இருக்கிறது.