செம்பிக்கு ஒரு வீடு

ஜூன் 9
விடியும்போதே சாரல். சுங்கான்கடைப் பக்கம் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடந்த பெண் நாயை ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் எங்கள் நாய்க் காப்பகத்துக்குச் சாக்கில் தூக்கி வந்தார். செவலை நிறம், அதனால் செம்பி. பின்னங்கால் நொறுங்கி, தொடையில் புழு. வலியில் எந்த நாயும் கடிக்கும் என்பதால் முதலில் கட்டுத்துணியால் வாயைக் கட்டினோம். டர்பன்டைன் நனைத்த பஞ்சைக் காயத்தின் ஓரத்தில் வைத்ததும் புழுக்கள் நெளிந்து மேலே வந்தன. புழு மூச்சு விடுவது பின்புறம் வழியாக. வாயைச் சதைக்குள் புதைத்து வாலை வெளியே நீட்டியிருக்கும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கடைசிப் புழு வரும்வரை அவள் முனகக்கூட இல்லை.

ஜூன் 12
காலை எடுத்தாயிற்று. டாக்டரம்மா தொடையின் மேல்பகுதியிலேயே எடுத்தார்; பாதியில் விட்டால் மிச்சத்தைத் தரையில் ஊன்றப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் நிற்கிறது என்பதால் இவள் தேறிவிடுவாள் என்றார். கருத்தடை இப்போது இல்லை. உடம்பில் ரத்தம் ஊறட்டும்.

ஜூன் 27
தையல் பிரித்தோம். மூன்று காலில் நன்றாக ஓடுகிறாள், ஆனால் ஆள் வந்தால் மூலைக்குப் போய்விடுகிறாள். எனக்கு இதுதான் பெரிய வேலை. சாளை மீன் வேகவைத்துப் பிசைந்த சோற்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைப் பார்ப்பதில்லை, கையை நீட்டுவதில்லை. இன்று முழங்கையில் ஈர மூக்கு பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே இருந்தேன்.

ஜூலை 15
கருத்தடை முடிந்தது, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டாயிற்று. காது நுனியில் அடையாள வெட்டு.

கோட்டாற்றிலிருந்து வந்த இன்னொரு நாய்க்குக் காயம் ஆறியதால் அவனை அவன் தெருவிலேயே விட்டோம். "ஆறினபிறகும் தெருவுலயா விடுவிய?" என்று ஒரு அக்கா கோபப்பட்டார். கருத்தடை செய்து ஊசி போட்ட தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதி. அதைவிட, அங்கே அவனுக்குச் சோறு வைக்கிற டீக்கடை இருக்கிறது. ஓடித் தப்பிக்க நாலு காலும் இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் செம்பி எப்படிப் பிழைப்பாள்? அவளுக்குத்தான் வீடு வேண்டும்.

ஜூலை 24
தத்தெடுக்கக் கேட்டுப் போன்கள் வருகின்றன. லாப்ரடார் குட்டி இருக்கிறதா என்றுதான் பாதிப் பேர் கேட்கிறார்கள். ஒருவர் காவலுக்குக் கேட்டார். பகல் முழுக்கச் சங்கிலி என்றார். கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். குட்டியாக இருந்தால் யாரும் யோசிப்பதில்லை, வளர்ந்த நாட்டு நாய் என்றால் தயங்குகிறார்கள். அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2
திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ஒரு மாமா வீட்டைப் பார்த்து வந்தோம். மதில் கிடையாது. ஆனால் வீடு தோட்டத்துக்குள்ளே, சாலை வெகுதூரம். விடிகாலை வெட்டு முடிந்தால் மீதிப் பொழுது அவர் வீட்டில்தான். மதிலைவிட இது மேல் என்பது என் எண்ணம். "மூணு காலுன்னா என்ன மக்கா, நம்மகூட நடந்தாப் போரும்" என்றார். மாமி, என்ன தின்னும், எங்கே படுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தத்தெடுத்த நாயை மறுபடி தெருவில் விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே சொல்லியிருப்பதையும் விளக்கினோம். முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 6
மாமா கூப்பிட்டார். கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறாளாம், ராத்திரிதான் சாப்பிடுகிறாளாம். சரி, இழுக்க வேண்டாம், குளிப்பாட்டவும் வேண்டாம், தட்டை அங்கேயே வையுங்கள் என்றேன். வெட்டுக்குப் போகும்போது கூட்டிப் போகலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், முதலில் நீளக் கயிற்றில் முற்றம்வரை மட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.